தலைவலின்னு திரும்பிப் படுத்துடாதீங்க

இந்த வாரம் ஆப், ஏஐ எதுவும் கிடையாது. படகுல தூங்குறதைப் பத்திப் பேசப்போறேன்.

எங்க டீம்ல ஆறு பேர் அடையாறுலேருந்து ஆலப்புழா போனோம். ஹவுஸ்போட். ராத்திரி படகைக் கரையில கட்டிட்டாங்க, ஏசிக்காகப் பின்னாடி ஜெனரேட்டர் ஓடிக்கிட்டே இருந்தது. காலையில கடைசி ரூம்ல படுத்த ரெண்டு பேருக்கும் மண்டையைப் பிளக்குற வலி. ஒருத்தன் வாந்தி எடுத்தான். நேத்து சாப்பிட்ட கரிமீன்தான்னு முடிவு பண்ணிட்டோம். கரையில இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்ததும் அவனுக்குப் பரவாயில்லை. திரும்ப ரூமுக்குள்ள போனான், திரும்ப வலி. ஆறு இன்ஜினியர்ங்க இருந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கலை.

அது கார்பன் மோனாக்சைடுதானான்னு அங்க யாரும் அளந்து பார்க்கலை. அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்க வயிறு கலங்கிச்சு.

2024 டிசம்பர்ல, கோழிக்கோடு மாவட்டம் வடகரையில, ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஏசிக்கு ஜெனரேட்டர் போட்டுட்டுத் தூங்கியிருக்காங்க. கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே வண்டியில ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தாங்க. தரையில இருந்த ஓட்டை வழியா புகை உள்ள வந்திருக்கு. மூடின ரூம், ஏசி, பக்கத்துலயே ஜெனரேட்டர். ஹவுஸ்போட்டும் அதே செட்டப்தானே?

திறந்தவெளின்னாலும் நம்ப முடியாது. அமெரிக்காவுல லேக் பவல்னு ஒரு பெரிய ஏரி. 2000 ஆகஸ்ட்ல ஹவுஸ்போட்டுக்குப் பின்னாடி நீந்திக்கிட்டிருந்த ரெண்டு சின்னப் பசங்க இறந்துட்டாங்க. ஜெனரேட்டர் புகை, பின்பக்க மேடைக்கு அடியில தேங்கி நின்னிருக்கு. படகு ஓடும்போது இன்னொரு சிக்கல் இருக்கு. பின்னாடி காத்தழுத்தம் குறையும், நம்ம புகையே நம்ம மேல திரும்பி வரும். அதனால பின்பக்க ஜன்னலை மட்டும் திறந்தா புகையை உள்ள கூப்பிடுற மாதிரிதான். முன்பக்கமும் திறக்கணும்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினோட ஒட்டிக்கும். என்னை ரொம்ப பயமுறுத்தினது ஆக்ஸிமீட்டர்தான். கோவிட் டைம்ல வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அது. கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தத்தையும் ஆக்ஸிஜன் இருக்குற ரத்தம்னே எண்ணி 98 காட்டும். சர்வர் செத்துக் கிடக்கு, டேஷ்போர்டு மட்டும் பச்சை. நம்மாளுங்களுக்கு இந்த வலி புரியும்.

அதனால ஒரே ரூம்ல ரெண்டு பேருக்குச் சேர்ந்து தலைவலி, தலைசுத்தல், வாந்தி வந்தா சாப்பாட்டு மேல பழி போடாதீங்க. முதல்ல எல்லாரையும் வெளிய கொண்டு வாங்க, ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லுங்க, 108க்குப் போன் பண்ணுங்க. ஆஸ்பத்திரியில "ஜெனரேட்டர் ஓடின ரூம்ல இருந்தோம்"னு மறக்காம சொல்லுங்க. வெறும் காத்துல இந்த வாயு பாதியா குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். மாஸ்க்ல முழு ஆக்ஸிஜன் கொடுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பாதியாகும்.

முட்டுக்காட்டுல திறந்த படகுல அரை மணி சுத்துறவங்க பயப்பட வேண்டாம், இன்ஜின் ஓடுறப்ப புகைக்குழாய் பக்கத்துல உட்காராம இருந்தா போதும். மிக்ஜாம் புயலப்போ மாடிப்படிக்குக் கீழ பெட்ரோல் ஜென்செட் வச்சு ஓட்டின மயிலாப்பூர் மக்கள்தான் பயப்படணும். நீங்க படகே ஏற வேண்டியதில்லை, அதே வாயு உங்க வீட்டுக்குள்ளயே வரும்.

அடுத்த மாசம் மறுபடி ஆலப்புழா போறோம். புக் பண்ணும்போது "ஜெனரேட்டர் எங்க இருக்கு, புகைக்குழாய் எந்தப் பக்கம், சிஓ அலாரம் இருக்கா?"ன்னு கேட்டேன். "லைஃப் ஜாக்கெட் இருக்கு சார்"னு பதில் வந்தது. சரின்னு தி.நகர்ல ஒரு கடையில அலாரம் கேட்டேன், ஸ்மோக் டிடெக்டரை எடுத்து நீட்டினார். அது வேற, இது வேற. கடைசியில ஆன்லைன்ல பேட்டரியில ஓடுற ஒண்ணு வாங்கினேன். அன்னிக்கு வாந்தி எடுத்தவன் இப்பவே சொல்லிட்டான்: "மச்சி, அதை என் ரூம்லதான் வைக்கணும்."

ஒண்ணே ஒண்ணுதான் வாங்கியிருக்கேன். மூணு ரூம் இருக்கு, இன்னும் ரெண்டு ஆர்டர் போடணும்.