திங்கட்கிழமைச் சென்னை



'தி இந்து' ஆங்கில நாளிதழ் திங்கட்கிழமை காலை வாசலில் விழுந்ததும், தலைப்புச் செய்தியைத் தள்ளிவிட்டு 'மெட்ராஸ் மிசலேனி' பத்தியைத் தேடிய வாசகர்கள் பலர். 1999இல் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதை எழுதியவர் எஸ். முத்தையா.

அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். 1930இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, அமெரிக்காவில் பொறியியல் படித்தவர். 1951இல் கொழும்பின் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் சேர்ந்து 17 ஆண்டுகள் பணியாற்றினார். செய்தியாளனுக்குரிய பழக்கங்கள் அங்கேதான் ஊறின: போய்ப் பார், கேள், சரிபார்.

1968இல் சென்னை வந்தவருக்கு அமைந்த வேலை வேறு. டி.டி. மேப்ஸ் நிறுவனத்தில் வரைபடங்களும் நூல்களும் பதிப்பிக்கும் பணி.

அந்த வேலைதான் அவரை இந்த ஊரின் பழைய கதைகளுக்குள் இழுத்தது. வரைபடத்தில் தெருப்பெயர்கள் வெறும் எழுத்துகள். செய்தியாளன் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. அரண்மனைக்காரத் தெருவுக்கு ஆங்கிலத்தில் 'ஆர்மேனியன் தெரு' என்று ஏன் பெயர்? அங்கே 1772இல் எழுந்த ஆர்மேனியத் தேவாலயம் பதில் சொல்கிறது. பவழக்காரத் தெருவில் பவழம் விற்றது யார்? அந்த இழையைப் பிடித்துப் போனால், கடல் கடந்து பவழம் வந்து, பதிலுக்கு வைரம் போன பழைய வணிகம் வரை போகலாம்.

1981இல் அவருடைய 'மெட்ராஸ் டிஸ்கவர்டு' நூல் வெளிவந்தது. 1991இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்ற இதழைத் தொடங்கி, பழைய கட்டடங்களைக் காக்கத் தொடர்ந்து குரல் கொடுத்தார்.

ஆனால், நாளிதழ்ப் பத்தியின் உயிர் தபாலில் வந்தது. ஒருவர் தாத்தாவின் புகைப்படத்தை அனுப்புவார். இன்னொருவர், 'நீங்கள் போட்ட ஆண்டு தவறு' என்று எழுதுவார். முத்தையா தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்து, அவற்றையும் பத்தியிலேயே சேர்ப்பார். தபால்காரர் கதவைத் தட்டியதாகத் தலைப்பிட்டு அதற்கென்றே ஒரு பகுதி வைத்திருந்தார். பிழை திருத்தத்தை ஒளிக்காமல், அதையே அடுத்த கதையின் தொடக்கமாக்கியது அவருடைய பெரிய கொடை. ஊரின் வரலாற்றை எழுதும் வேலையில் ஊராரும் சேர்ந்துகொண்டார்கள்.

2019 ஏப்ரலில் அவர் மறைந்தார். அவரும் நண்பர்களும் 2004இல் தொடங்கிய சென்னை தினக் கொண்டாட்டம் ஒவ்வோர் ஆகஸ்டிலும் தொடர்கிறது. மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் விடியற்காலையில் ஒரு கூட்டம் நடந்து போகிறது; பழைய வீடொன்றின் முன் நின்று, இதைக் கட்டியவர் யார் என்று கேட்கிறது.