இரண்டு பசுக்கள் அகலமுள்ள பாதை



சாலைக்கு ஐரிஷ் மொழியில் 'போஹர்' என்று பெயர். 'போ' என்றால் பசு. அதிலிருந்து பிறந்த சொல் அது. நாம் கோமாதா என்கிறோமே, அந்தக் 'கோ'வும் இந்தப் 'போ'வும் ஒரே ஆதிச் சொல்லின் வழிவந்தவை என்பது மொழிநூலார் கண்ட முடிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய ஐரிஷ் நிகண்டு ஒன்று, ஒரு பசு நீளவாட்டிலும் இன்னொரு பசு குறுக்குவாட்டிலும் நிற்க இடமிருந்தால் அது போஹர் என்று இலக்கணமே வகுத்துவைத்திருக்கிறது. இந்த இலக்கணம் ஏட்டோடு நின்றுவிட்ட பழங்கதை என்று எண்ணிக்கொண்டுதான், நாங்கள் ஆறு நண்பர்கள் ஒரு வாடகை வேனில் அயர்லாந்தின் தென்கோடியான கார்க் பிரதேசத்திலிருந்து மேற்குக் கடற்கரை வழியாக ஏழு நாள் பிரயாணம் புறப்பட்டோம்.

தெற்கே கின்சேல் என்ற துறைமுக ஊரில் தொடங்கி வடக்கே டோனகல் வரை, அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றை 2014ஆம் ஆண்டு முதல் பிரயாணிகளுக்கென்று குறித்து வைத்திருக்கிறார்கள். அதன் நீளம் சுமார் 2,500 கிலோமீட்டர். எங்களில் ஒருவர் வங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர்; அந்த நீளத்தை ஏழால் வகுத்து, காலைச் சிற்றுண்டிக்கும் படம் எடுப்பதற்கும் நிமிஷக் கணக்கில் இடம் ஒதுக்கி, அழகாக ஓர் அட்டவணை தயாரித்திருந்தார். முதல் நாளே அது உடைந்தது.

உடைத்த ஊர் கோவ். கார்க் துறைமுகத்தில், மலைச்சரிவில் வர்ணவர்ணமான வீடுகள் படிப்படியாக அடுக்கியிருக்க, மேலே பெரிய தேவாலயம் ஒன்று கடலைப் பார்த்து நிற்கும் ஊர் அது. 1912 ஏப்ரல் 11ஆம் தேதி டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது இங்கேதான். ஆனால் எங்களை அங்கே நிறுத்திவைத்தது அந்தக் கப்பலன்று. கரையோரத்தில் இரண்டு தம்பிகளோடு நிற்கும் ஆனி மூர் என்ற இளம்பெண்ணின் சிலை. 1892 ஜனவரி முதல் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது, அதன் வாசலைக் கடந்த முதல் ஆள் இவள். நூறாண்டுக் காலத்தில் இந்த ஒரு துறையிலிருந்து மட்டும் சுமார் 25 லட்சம் பேர் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். வந்து பார்ப்பதற்காக நாங்கள் போன கடற்கரை, அவ்வூர் மக்களுக்கு நெடுங்காலம் விட்டுப் போவதற்கான கடற்கரையாக இருந்திருக்கிறது என்ற எண்ணம் அதன் பிறகு வழியெல்லாம் எங்களோடு கூடவே வந்தது.

கெர்ரி பிரதேசத்துக்குள் நுழைந்ததும் பழைய நிகண்டின் இலக்கணம் மெய்யென்று தெரிந்தது. நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்பக்கமாகத்தான் வண்டி ஓட்டவேண்டும் என்பதில் ஆறுதல் கொண்டிருந்தோம். ஆனால் இருபுறமும் வேலிச்செடி உரசி, நடுவில் வரப்புப் போலப் புல் முளைத்திருக்கும் பாதையில் இடம் ஏது, வலம் ஏது! எதிரே வைக்கோல் உருளை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்றது. நாங்கள் பின்னால் போவதா அவர் போவதா என்று திகைத்திருக்கையில், அந்த முதிய விவசாயி முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், ஏறக்குறைய இருநூறு அடி தூரம் பின்னுக்கே ஓட்டிச் சென்று ஒரு வயல் வாசலில் ஒதுங்கி, நாங்கள் கடக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமலே ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார். அந்த ஒற்றை விரல்தான் அந்தப் பிரதேசத்து வந்தனம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். மூன்றாம் நாளிலிருந்து எங்கள் வேனிலும் விரல் உயர்ந்தது.

டிங்கிள் தீபகற்பத்தில் வேறொரு தடுமாற்றம். அதன் மேற்குப் பகுதி ஐரிஷ் மொழி வழங்கும் இடம். அங்கே கைகாட்டிகளில் அந்த மொழிப் பெயர் மட்டுமே இருக்கும். எங்கள் வரைபடத்தில் 'டிங்கிள்'. பலகையில் 'அன் டாங்கன்'. இரண்டும் ஒன்றே என்று அறியாமல் ஒரே நாற்சந்தியை மூன்று முறை சுற்றினோம். வழி சொன்ன மூதாட்டி ஒருவர் சம்பாஷணையின் நடுவே சொன்ன செய்தி: அவர்கள் மொழியில் 'ஆம்', 'இல்லை' என்பவற்றுக்குத் தனிச்சொல் கிடையாதாம், வந்தாயா என்றால் வந்தேன் என்றோ, வரவில்லை என்றோதான் பதில் சொல்லவேண்டுமாம். நாமும் வீட்டில் பெரும்பாலும் அப்படித்தானே பேசுகிறோம்!

அந்தத் தீபகற்பத்தின் மேற்குக் கோடியில், டன்குவின் என்னுமிடத்தில், செங்குத்தான பாறைச்சரிவில் பாம்புபோல் நெளிந்து படகுத்துறைக்கு இறங்கும் குறுகிய வழி ஒன்று உண்டு. எதிரே கடலில் பெரிய பிளாஸ்கட் தீவு. 1947இல் புயலால் துண்டிக்கப்பட்ட தீவுவாசிகள், உணவு அனுப்பும்படி பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். மருத்துவர் இல்லை, இளைஞர் அதிகம் இல்லை. 1953இல் எஞ்சியிருந்த 22 பேரையும் அரசாங்கம் இக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. இத்தனை சிறிய தீவிலிருந்து ஐரிஷ் இலக்கியத்தின் அரிய சுயசரிதைகள் மூன்று பிறந்தன. ஆனால் இன்று பெரும்பாலும் கூரையிழந்த கல்வீடுகளே அங்கே நிற்கின்றன.

மாலை வெயில் சாய்ந்து விழும்போது, எவரும் உழாத மலைச்சரிவுகளில் சீப்பால் வாரியதுபோல் வரிவரியாகப் பாத்திகள் தெரிந்தன. 1845இல் கருகல் நோய் வந்து உருளைக்கிழங்கு அழுகி, சுமார் பத்து லட்சம் பேர் பஞ்சத்தில் மடிந்தார்களே, அதற்குமுன் கிழங்கு நட்டவர்கள் கொத்திய மேடுகள் அவை. கிழங்கையே நம்பியிருந்த ஜனங்கள் சாக, அந்நாட்டுத் துறைமுகங்கள் வழியாகத் தானியமும் கால்நடைகளும் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. 1841இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை, பத்தாண்டில் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. இன்று தீவு முழுவதையும் கூட்டினாலும் 70 லட்சத்தைத்தான் தாண்டுகிறது.

பிறகு ஷானன் நதியின் கழிமுகத்தை வேனோடு படகில் இருபது நிமிஷத்தில் கடந்து கிளேர் பிரதேசம் சேர்ந்தோம். 214 மீட்டர் வரை உயரமுள்ள மோஹர் செங்குத்துப் பாறைகள் எங்களுக்குப் பாதிதான் தரிசனம் தந்தன. மீதியை மூடுபனி வைத்துக்கொண்டது. ஆனால் பர்ரன் என்ற சுண்ணாம்புக்கல் வெளியில் கண்ட ஒரு சுவரை மறக்க முடியவில்லை. சாந்தும் மண்ணும் இன்றிக் கல்மேல் கல் வைத்து எழுப்பிய வயல்சுவர்; இடுக்குகள் வழியே அப்பால் மேயும் பசு தெரிந்தது. கட்டியவன் சோம்பேறி என்றார் அட்டவணை நண்பர். அட்லாண்டிக் காற்று அந்த இடுக்குகளில் புகுந்து வெளியேறுவதால்தான் சுவர் சாயாமல் நிற்கிறது என்று உள்ளூர்க்காரர் ஒருவர் விளக்கியதும், நண்பர் தம் அட்டவணையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

நேயர்களில் எவரேனும் அத்தேசத்துக்குக் கூட்டமாகப் போவதாக இருந்தால், அடியேன் சொல்லக்கூடியது ஒன்றே: போட்ட திட்டத்தில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். நாங்கள் ஏழாம் நாள் கால்வே நகரத்தோடு திரும்பினோம். டோனகலை இன்னும் பார்க்கவில்லை.