வைத்திய உதவியை அளக்கும் கோல்
(கிராம ஊழியர்களுக்குச் செய்த பிரசங்கம்)



ஓர் ஊரில் வைத்தியசாலை ஏற்பட்டுவிட்டால் அவ்வூருக்கு வேண்டிய வைத்திய உதவி கிடைத்துவிட்டதென்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். வெள்ளையடித்த சுவரும், நிறைந்த மருந்து அலமாரியும், வாசலில் நிற்கும் ஜனத்திரளும் நமக்குத் திருப்தியளிக்கின்றன. ஆனால் வந்த நோயாளி எந்த நிலைமையில் வந்தார், வீடு திரும்பிய பின் அவர் என்ன ஆனார் என்னும் இரண்டு கேள்விகளை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அவ்விரண்டையும் கேட்டாலொழிய வைத்திய உதவியின் தரத்தை அறிய இயலாது என்பதே இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு துக்கத்தினால். பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு வைத்தியசாலைக்கு, பத்து மாதக் குழந்தையொன்றை அதன் தாய் தூக்கி வந்தாள். அன்று கூட்டம் மிகுதி. "சளிதான், அம்மா, பயப்படாதே" என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். குழந்தையின் சட்டையை எவரும் கழற்றிப் பார்க்கவில்லை. சீட்டில் 'இருமல்' என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. அம்மாத முடிவில் தயாரித்த கணக்கில் அக்குழந்தையும் 'சிகிச்சை பெற்றோர்' தொகையில் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அக்கணக்கை எழுதியவன் நானே.

அங்கே மருந்துக்குக் குறைவில்லை, இரக்கத்துக்கும் குறைவில்லை. குறைந்தது ஒரு நிமிஷந்தான். இருமலுடன் வரும் குழந்தையின் சட்டையை விலக்கி, அது அழாமல் அமைதியாயிருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் சுவாசத்தை எண்ணவேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேக சுவாசம். நியுமோனியா என்னும் சுவாசப்பை நோய் இருக்கக்கூடுமென்பதற்கு அது அறிகுறி. மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பாகம் உள்ளே குழிகின்றதா என்றும் பார்க்கவேண்டும். பால் குடிக்க முடியாமை, உட்கொண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகிய இவற்றில் ஒன்றிருந்தாலும் தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கடிகாரமும் பொறுமையும் போதும்.

இனி, பார்த்ததை எழுதிவைப்பதனால் விளையும் நன்மையைக் கேளுங்கள். வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846-ஆம் வருஷத்தில் முதல் விடுதியில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தனர். இரண்டாவதில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. இறப்புக் கணக்கு இரு விடுதிகளுக்கும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தபடியால் இவ்வேற்றுமை மறையவில்லை. இக்னாஸ் ஸெம்மெல்வைஸ் என்ற வைத்தியர் இதன் காரணத்தைத் தேடினார். பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு வைத்தியர்களும் மாணவர்களும் பிரசவ விடுதிக்கு வருவதே காரணமென்று கண்டு, 1847-இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும்படி விதித்தார். 1848-இல் இரு விடுதிகளிலும் இறப்பு நூற்றுக்கு ஒன்றைச் சிறிதே தாண்டி நின்றது. ஆயினும் சக வைத்தியர் பலர் அவர் கூற்றை ஒப்பவில்லை. தம் கையே தீங்கு செய்ததென்று ஏற்பது எவருக்கும் எளிதன்று.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ரண வைத்தியர் எர்னெஸ்ட் காட்மன் அதை ஏற்கத் துணிந்தார். 1911 முதல் 1916 வரை தம் சிறிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளின் வரலாற்றை எழுதி, அவற்றில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். ஒவ்வொரு நோயாளியையும் அவருக்குக் குணம் கிடைத்ததா என்று தெரியும்வரை தொடர்ந்து விசாரிக்கவேண்டும், கிடைக்கவில்லையெனில் ஏன் என்று கேட்கவேண்டும் என்பதே அவர் கொள்கை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறப்புத் தொகையை மட்டும் கொண்டு ஒரு வைத்தியசாலையைப் பழித்தலாகாது. கடும் நோயாளிகளை ஏற்கும் இடத்தில் இறப்பு மிகுந்தும், அவர்களைத் திருப்பியனுப்பும் இடத்தில் குறைந்தும் காணும். இறப்பை மட்டும் எண்ணினால் கதவைச் சாத்தியவரே கெட்டிக்காரரென்று முடியும். ஆகவேதான் நோயாளி வந்தபோதிருந்த நிலைமையை முதலில் எழுதவேண்டும். முதற் குறிப்பு இல்லாத இடத்தில் முடிவைக்கொண்டு நியாயம் கூற வழியில்லை.

அன்பர்களே, நீங்கள் செய்யக்கூடியது இதுவே. ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து வைத்தியசாலைக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் நான்கு குறிப்புகள் எழுதுங்கள்: சென்ற தேதி, சென்றபோதிருந்த நிலைமை, அங்கே செய்த பரிசோதனை, ஏழாம் நாள் அவர் இருக்கும் விதம். கடைசிக் குறிப்புக்காக அவர் வீட்டு வாசலுக்கு நடந்து செல்லவேண்டியிருக்கும். அந்த நடையைத் தவிர்க்காதீர்கள். மாதமொரு முறை அப்புத்தகத்தோடு வைத்தியரையும் தாதியரையும் கண்டு, குற்றஞ்சாட்டும் நோக்கமின்றி, அடுத்த நோயாளிக்கு எதைத் திருத்தலாமென்று கலந்து பேசுங்கள். அதில் எழுதியவற்றை ஊர்ச்சபையில் வாசித்து ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை வெளியிடுதல் கூடாது.

நான் சொன்ன அக்குழந்தையின் வீட்டில் ஏழாம் நாள் எவரேனும் விசாரித்திருந்தால், அடுத்து வந்த குழந்தையின் சட்டையையாவது எங்களில் ஒருவர் கழற்றியிருப்போம். அவ்விசாரணையை உங்கள் ஊரில் நீங்கள் தொடங்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டு என் பிரசங்கத்தை முடிக்கிறேன்.