ஊசி போட்டும் காய்ச்சல் வருமா?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"இன்புளுவன்சா ஊசி போட்டவனுக்கும் காய்ச்சல் வருகிறதே, பின் ஊசி எதற்கு?" என்று கேட்பவர்களை நாம் பரிகாசம் செய்யலாகாது. கேள்வி நியாயமானது. வரக்கூடும் என்பதே அதற்கு உண்மையான விடை.

இக்கேள்வி எழக் காரணம் அம்மைப்பால் என்றே எண்ணுகிறேன். நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்திக்கொண்ட பின்னரே கடல் கடந்தனர். அந்தத் தழும்பு பல ஆண்டுகள் காவல் நின்றது. பெரியம்மைக் கிருமி எளிதில் உருமாறாதது. அது உலகை விட்டே ஒழிந்ததென்று 1980 இல் அறிவிக்கப்பட்டது. இன்புளுவன்சாக் கிருமியோ வேஷதாரி. ஓயாமல் சட்டையை மாற்றிக்கொண்டேயிருக்கும். சில வேளைகளில் முற்றிலும் புதிய உருவத்தில் கிளம்பும். 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த ரஜூலா கப்பலில் அவ்விதமே வந்திறங்கியது. நம்மைப் போலவே தேயிலை மலைகளின் நடுவேயுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தார் அதனை ஆராய்ந்தனர். 1958 பெப்ரவரிக்குள் இந்தியாவில் 44 லட்சம் பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று.

ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்து எந்த வேஷம் வருமென்று கணித்து, ஊசிமருந்தில் சேர்க்க வேண்டியவற்றைச் சொல்கின்றனர். கணிப்பு நன்கு பொருந்தினால், ஊசியில்லாமல் இந்நோயால் வைத்தியரை நாடக்கூடிய 100 பேரில் 40 முதல் 60 பேர் வரை தப்புவர். மற்றவர்களுக்கு நோய் வரும். ஆயினும் நிமோனியாவாக முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கும் அபாயம் குறையும். உடலில் சக்தி பிறக்க ஏறக்குறைய இரண்டு வாரமாகும். அதற்குள் கிருமி தொற்றினால் ஊசி என்ன செய்யும்? சாதாரணத் தடிமனை உண்டாக்குபவை வேறு கிருமிகள். அவற்றுக்கு இந்த ஊசி காவலன்று. கையில் போடும் இம்மருந்தில் உயிருள்ள கிருமி இல்லாமையால், "ஊசியே காய்ச்சலைக் கொண்டுவந்தது" என்பதும் பொருந்தாது. கைவலியும் ஓரிரு நாள் உடல்சூடும் வேறு.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. "போட்டுக்கொள்ளுங்கள், இனிக் காய்ச்சலே வராது" என்று லயம் லயமாகச் சென்று வாக்களித்துவிடாதீர்கள். வாக்குக் கொடுப்பது சுலபம்! ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, நாலு நாள் பேர் போய்விட்டால், அந்த லயமே நம்மை நம்பாது. குழந்தைகளுக்குரிய ஊசிகளையும் சந்தேகிக்கும். ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்குமிடத்தில் பாதி பேர் தப்பினாலும் பெரும் இலாபம் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இந்த ஊசி இலங்கையில் எல்லோருக்கும் இலவசமாகப் போடப்படுவதில்லை. சங்கம் இதற்கென நிதி திரட்டுமானால், முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளோர் ஆகியோரை முதலில் வைத்தியரிடம் காட்டி, அவர் சொற்படி செய்யலாம். ஊசி போட்டவரும், மூச்சுத் திணறினால், "எனக்குத்தான் போட்டாயிற்றே" என்று வீட்டில் கிடக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.