கூடி ஆடும் கதை விளையாட்டு இளைஞரை வளர்க்கிறதே!

நடுவர் அவர்களே, எதிரணியில் கொஞ்சம் கோபமாகவே அமர்ந்திருக்கும் நண்பர்களே, முட்டை விலையையும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் ஒரே கவலையோடு பார்க்கும் நாமக்கல் பெருமக்களே! கூடி அமர்ந்து ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு இளைஞரை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அந்த விளையாட்டை விளாசித் தள்ளினார். அதை எப்படி ஆடுவது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்.

நடத்துபவர் தொடங்குவார்: "கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் நிற்கிறீர்கள். பொழுது சாய்ந்துவிட்டது. மேலே காட்டுக்குள்ளிருந்து, சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் சத்தம். என்ன செய்யப் போகிறீர்கள்?" வில்லாளி, "அம்பு விடுகிறேன்" என்பான். வைத்தியச்சி, "முதலில் காதைப் பொத்து" என்பாள். அம்பு பட்டதா? இருபது முகப் பகடையை உருட்டு. 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பட்டது. இருபதில் ஆறு முகம், அதாவது நூற்றுக்கு முப்பது வாய்ப்பு. நிகழ்தகவுப் பாடத்தில் தூங்கிய பையன் இங்கே கணக்குப் போட்டுவிட்டு உருட்டுகிறான், நடுவர் அவர்களே!

"பகடை குடியைக் கெடுக்கும், தருமனைப் பாருங்கள்" என்றார்கள். பார்த்துவிட்டேன். தருமன் நாட்டைப் பணயம் வைத்தான். இங்கே பணயமே கிடையாது. தருமனுக்கு எதிரே சகுனி உட்கார்ந்திருந்தான். இங்கே ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம். ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் மற்றவன் கயிறு போட வேண்டும். தோழன் தோற்றால் நான் ஜெயித்தேன் என்று சொல்ல முடியாத விளையாட்டு இது.

அடுத்து, "அந்நியச் சரக்கு" என்றார்கள். புதையல் குகை, மந்திரச் சொல், கொள்ளைக் கூட்டம்: இதையெல்லாம் வைத்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஆண்டு 1956. அமெரிக்காக்காரன் விளையாட்டாக விற்பதற்கு 18 ஆண்டு முன்பே குகைக் கதையை வண்ணப்படமாக்கிய மண் இது! ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்திய வல்வில் ஓரியைப் பாடினார் வன்பரணர். அந்த ஓரி ஆண்ட மலை நம் கொல்லிமலை. கீழடியில் தோண்டினால் பகடைக்காய் கிடைக்கிறது. அண்ணன்மார் கதைப் படுகளத்தில் ஊர் இளைஞர்களே வீரர்களாக விழுந்து எழுகிறார்கள். அது வழிபாடு, இது விளையாட்டு. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதைக்குள் இறங்கி நிற்பது நமக்குப் புதிதல்ல.

"நேரம் வீண்" என்பதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம். நம் மாவட்டம் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போனது. அங்கே கேட்கப்படும் கேள்விக்கெல்லாம் விடை புத்தகத்தில் இருக்கிறது. வேலைக்குப் போனபின் வரும் கேள்விகளுக்கு எந்தப் புத்தகத்தில் விடை இருக்கிறது? இந்த மேசையில் விடைக்குறிப்பு கிடையாது. யோசிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவனிடம் வாதாட வேண்டும், முடிவெடுக்க வேண்டும், அதன் விளைவைச் சுமக்க வேண்டும்.

கதை நடத்துபவனின் வேலையைப் பாருங்கள். முன்கூட்டியே படிக்கிறான், வரைபடம் போடுகிறான், ஊருக்கும் ஆளுக்கும் பெயர் வைக்கிறான். அதிகம் பேசுகிறவனை அடக்கி, வாயே திறக்காத பிள்ளையிடம் "நீ என்னம்மா செய்யப் போறே?" என்று கேட்கிறான். ஆட்டக்காரர்கள் அவன் போட்ட திட்டத்தைக் கலைத்தால், அந்த இடத்திலேயே புதுக் கதை கட்டுகிறான். அவனுக்கென்று வெற்றி எதுவும் இல்லை. நடுவர் அவர்களே, உங்கள் வேலையும் அதுதான்: பேசவும் விட வேண்டும், மணியும் அடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் திட்டும் வாங்க வேண்டும்!

செலவா? பென்சில், தாள், பகடை போதும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அடிப்படை விதிகளை 2023இல் பொது உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள். பாத்திரத்துக்கு அடையாளமாக மேசையில் வைக்கும் சிறு பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது கைவந்தவர்களுக்குக் கூடுதல் இன்பம். அதற்குக் காசில்லாதவன் புளியங்கொட்டையை வைத்து ஆடட்டும்.

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விடிய விடிய ஆடினால் மறுநாள் வேலை கெடும். விடிய விடியக் கூத்துப் பார்த்த நம் தாத்தாக்களுக்கும் கெட்டது. அதற்குக் கூத்தை யாரும் தடை செய்யவில்லையே! நேரத்துக்கு வரம்பு வையுங்கள். விளையாட்டுக்குத் தாழ்ப்பாள் போடாதீர்கள்.

ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் கிடக்கும் பிள்ளைகளை, முகம் பார்த்துப் பேச வைக்கிற எதுவும் வீணாகாது. ஆகவே இந்த விளையாட்டு இளைஞரை வளர்க்கிறது என்றே தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.