வேலை தேடுவோருக்கு ஒரு செக்றோல்



மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலே, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் வட்டகொடை என்றொரு நிலையம் உண்டு. சுற்றிலும் தேயிலை மலைகள். மலைச் சரிவுகளில் லயங்கள். அந்த லயங்களில் ஒன்றில், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் இருக்கும் ஓர் இளைஞனையும் ஒரு யுவதியையும் மனத்திற்கொண்டே இன்று பேச வந்திருக்கிறேன்.

"என்ன தம்பி செய்கிறாய்?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கிறேன் ஐயா, வேலை தேடுகிறேன்" என்பது வழக்கமான பதில். ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தப் பதில் மிகவும் பழக்கமானது. ஆனால் இதிலே ஒரு முரண்பாடு இருக்கிறது. வேலை தேடுகிறவன் சும்மா இருக்க முடியாது. வேலை தேடுவதும் ஒரு வேலை. அதற்கும் நேரம் உண்டு, கருவி உண்டு, கணக்கு உண்டு.

நம் முன்னோர் வேலை தேடிப் பழகியவர்கள் அல்லர். தென்னிந்தியக் கிராமங்களிலே கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். அம்முன்பணம் கடனாயிற்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதானால், 'இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம்' என்று எழுதிய துண்டு வேண்டும். துண்டு கைமாறக் கைமாறக் கடனும் ஏறிற்று. 1921ஆம் ஆண்டில் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அரசாங்க உத்தியோகத்தின் கதவு அவர்களுக்கு மூடப்பட்டது. 1964, 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களைக் கடந்து, எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேதான்.

இதனாலே, விண்ணப்பம் எழுதிப் பழகிய தந்தையோ தமையனோ இல்லாத வீடுகள் நம்மிடையே மிகப் பல. கங்காணி மறைந்த பின்னரும் கங்காணி வழி மறையவில்லை. தீபாவளிக்கு ஊர் வரும் ஒருவர், "கொழும்பிலே ஒரு கடையில் ஆள் கேட்கிறார்கள், வா" என்கிறார். பையன் பெட்டியைக் கட்டுகிறான். வேறொருவர் வெளிநாடு என்கிறார். கடவுச்சீட்டும் காசும் அவர் கைக்குப் போகின்றன. அழைப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் எந்த வேலை, என்ன சம்பளம், எத்தனை மணி நேரம் என்பவற்றை முடிவு செய்கிறவர் வேறொருவராகி விடுகிறார். தேடுதலை நம் கைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே இன்றைய கேள்வி.

இதற்கு வேண்டிய பாடம் தோட்டத்திலேயே இருக்கிறது. விடிந்ததும் பிரட்டு. யார் எந்த மலைக்கு என்று அங்கே தீர்மானமாகிறது. மாலையில் கொழுந்து நிறுக்கப்படுகிறது. முழுப் பேரா, அரைப் பேரா என்று செக்றோலில் பதிவாகிறது. உங்கள் தாயின் உழைப்பை ஒவ்வொரு நாளும் ஒருவர் குறித்து வைக்கிறார். உங்கள் தேடுதலைக் குறித்து வைப்பவர் யார்? ஒருவருமில்லை. ஆகவே ஓர் அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். உங்களுக்கு நீங்களே கணக்கப்பிள்ளை ஆகுங்கள்.

கொப்பியின் முதற் பக்கம் பத்திரங்களுக்கு உரியது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள், கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் ஆகிய இவை ஒரே கோவையில் இருத்தல் வேண்டும். எல்லாப் பத்திரங்களிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது தோட்டப் பகுதிகளில் அடிக்கடி காணும் தொல்லை. இதைத் திருத்தக் காலம் எடுக்கும். விண்ணப்ப முடிவுத் தேதிக்கு முதல் நாள் கண்டுபிடித்துப் பயனில்லை.

இரண்டாவது, முகவரி. என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை. அழைப்புக் கடிதம் அவள் கையிற் கிடைத்தது அந்த வாரத்து வியாழக்கிழமை. தோட்டத்துக்கு வரும் தபால் கந்தோரிலே குவிந்து, பிரிவு பிரிவாகப் போய், யாரோ ஒருவர் மூலம் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் நாட்கள் கழிந்துவிட்டன. அவள் கெட்டிக்காரி, தகுதியில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலை இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. ஆகவே, பட்டணத்தில் கடிதம் தவறாது சேரும் ஒரு முகவரியை, உரியவரின் சம்மதத்தோடு கொடுங்கள். தொலைபேசி எண்ணையும் தெளிவாக எழுதுங்கள். பதிவுத் தபாற் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். பதில் வரவில்லையானால் நீங்களே விசாரியுங்கள்.

மூன்றாவது, வேலைகளின் பட்டியல். வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியிலே பதவி வெற்றிடங்களும் போட்டிப் பரீட்சைகளும் தமிழிலும் அறிவிக்கப்படுகின்றன. பிரதேச செயலகத்திலே மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். கடையிலோ பட்டறையிலோ சில ஆண்டுகள் தொழில் பழகியவர்கள், பாடநெறி ஒன்றும் படிக்காமலே, தங்கள் திறமையைச் சோதிப்பித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. வெளிநாடு செல்ல எண்ணுவோர், முகவர் உரிமம் பெற்றவர்தாமா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் ஒரு சதமேனும் கொடுத்தலாகாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன வேலை, முடிவுத் தேதி, அனுப்பிய தேதி, வந்த பதில், அடுத்துச் செய்ய வேண்டியது.

நான்காவது, மனிதர்களின் பட்டியல். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், பொஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில் உத்தியோகம் மாறியவர்களை விசாரித்து 1974ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள், அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் அதைப் பெற்றவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேரே. மற்றையோருக்கு உதவியவர், எப்போதாவது காணும் ஒருவர். காரணம் எளிது. நமக்கு மிக நெருங்கியவர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருக்கிறார்கள். ஒரே லயத்தின் பத்து வீடுகளிலும் உலாவும் செய்தி ஒரே செய்திதான். புதுச் செய்தி தூரத்திலிருந்தே வர வேண்டும். ஆகவே பழைய ஆசிரியர், நுவரெலியா விடுதியில் வேலை செய்யும் வகுப்புத் தோழனின் அண்ணன், பக்கத்துத் தோட்டத்திலிருந்து தாதியாகப் போன அக்கா என்று இருபது பேரை எழுதுங்கள். அவர்களிடம் "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேளாதீர்கள். அது அவர்களால் இயலாததாக இருக்கலாம். "உங்கள் இடத்தில் எப்படி ஆள் எடுக்கிறார்கள்? என்ன படித்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இதற்கு மறுமொழி சொல்ல யாரும் தயங்கமாட்டார்கள்.

வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமையிலே, கொப்பியைத் திருப்பிப் பாருங்கள். பத்து விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பேனும் வரவில்லையா? விண்ணப்பத்தை ஓர் ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள். நேர்முகத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நா தடுமாறிற்றா? நாளைக்கு ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

கொப்பி எழுதினால் உத்தியோகம் உடனே கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் இடத்துக்கு எத்தனையோ பேர் போட்டியிடும் நாடு இது. ஆனால் கடிதம் பிந்தியதாலும், பெயரில் ஓர் எழுத்துப் பிசகியதாலும், முடிவுத் தேதி தெரியாததாலும் தோற்பது வேறு. பரீட்சை மண்டபத்தில் இருந்து எழுதித் தோற்பது வேறு. முதல் வகைத் தோல்வியை நாம் தடுக்கலாம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மலையிலிருந்து களைத்து வரும்போது வீட்டில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் கோபம் வருவது இயல்பே. ஆனாலும் "சும்மா இருக்கிறாயே" என்று சொல்லாதீர்கள். கொப்பியை வாங்கிப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "இன்றைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே பிள்ளை மறுநாட் காலையில் எழுந்து பிரட்டுக்கு நிற்பான்.