"ஓம்" சொல்லிப் பழகின வாய்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்துத் தம்பிமார் வந்து, "அண்ணை, உங்கட தொழிலைப் பற்றி ஒரு கால் மணித்தியாலம் கதையுங்கோ" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோல்ப் மைதானம் வடிவமைக்கிறதுதான் என் தொழில். எங்கட சனத்துக்கு இதில என்ன கிடக்கு என்று கேட்டேன். "அதை நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்கள்.

1987ல் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கினேன். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன். இங்கே முதல் கிடைத்தது ஒரு கோல்ப் மைதானத்தில் மண் வெட்டுகிற வேலை. முதல் நாளே மேஸ்திரி, "அங்க ஒரு பங்கர் வெட்டவேணும்" என்றான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. பங்கர் எண்டால் எங்களுக்கு என்னெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குண்டு விழேக்க பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற குழி. இங்கே அது விளையாட்டுக்காரனின் பந்து விழுகிற மணல் பள்ளம்! அன்று சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

பின்பு ஒரு வடிவமைப்புக் கந்தோரில் படம் கீறப் போனேன். பல வருடம் கழித்து ஒரு கியூபெக்காரருடன் சேர்ந்து சொந்தமாகச் சிறு நிறுவனம் தொடங்கினேன். நாங்கள் புல் விற்கிறதில்லை, விற்கிறது வரைபடமும் மேற்பார்வையும்தான். நிலத்தை நடந்து பார்க்கவேணும், மேடு பள்ளம் அளக்கவேணும், 18 குழிகளும் எந்த வழியாகப் போகும் என்று கீறவேணும், செலவு கணக்கிடவேணும், பிறகு கட்டுகிறவன் ஒழுங்காகக் கட்டுகிறானா என்று பக்கத்தில் நிற்கவேணும்.

இந்தத் தொழிலுக்கு மொன்றியல் சாதாரண ஊர் இல்லை. பார்க் அவெனியூவால் போகிறபோது மலையடிவாரத்தில் ஜான் மான்ஸ் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போயும் இருப்பீர்கள். முந்தி அதற்குப் பெயர் பிளெச்சர் வெளி. 1873ல் தொடங்கிய றோயல் மொன்றியல் கோல்ப் கழகம் முதலில் விளையாடியது அந்தப் பக்கத்தில்தான். வட அமெரிக்காவில் இன்றும் இயங்கும் கோல்ப் கழகங்களில் அதுதான் மிகப் பழையது. நகரம் பெருக 1896ல் டொர்வால் பக்கம் போனார்கள். நகரம் அங்கேயும் வந்தது. 1959ல் இல் பிஸார் தீவுக்குப் போனார்கள். அங்கே டிக் வில்சன் என்ற அமெரிக்கர் 45 குழிகள் வடிவமைத்தார். 2004, 2005ல் றீஸ் ஜோன்ஸ் என்பவரைக் கூப்பிட்டு அதில் நீல மைதானத்தைத் திருத்தினார்கள். 2007லும் 2024லும் பிரெசிடென்ற்ஸ் கோப்பைப் போட்டிகள் அங்கே நடந்தன.

ஏன் இதைச் சொல்லுறன்? ஒரு கழகத்தின் தேவை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இப்போது எங்களுக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு பழையதைத் திருத்துவதுதான். பழைய இடத்தில் ஏற்கெனவே ஆக்கள் இருக்கினம், அவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஆகையால் முதலில் காது வேணும், பென்சில் பிறகு.

இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். எங்கட முதல் வாடிக்கையாளர் நகரத்துக்கு வடக்கே ஒரு சிறிய கழகம். நிர்வாகத்தார் வடிகால் சரிசெய்யக் கேட்டார்கள். என் கைத்திறமையைக் காட்ட நினைத்து அழகழகாய் மணல் பள்ளங்களும் கீறிக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கட்டத் தொடங்கப் போகிற நேரம் புல் பராமரிக்கிற கிழவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னோட மூன்று பேர்தான் வேலை செய்யினம். இவ்வளவு மணலையும் விடிய விடிய ஆர் வாருறது?" என்று கேட்டார். அந்த மனிதரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை! முழுப் படத்தையும் திரும்பக் கீறினோம், காசில்லாமல். அந்தக் கோடை வீட்டு வாடகைக்கு என் மனைவியின் தையல் காசுதான் உதவியது.

அன்று முதல் யார் வந்தாலும் நான்கு கேள்வி கேட்பேன். இங்கே விளையாடுகிறது ஆர், வயதானவர்களா, பெண்களா, பிள்ளையளா? பராமரிக்கிறது ஆர், எத்தனை பேர்? தண்ணீர் எங்கேயிருந்து வருகுது, எங்கே போகுது? கையில் உண்மையாய் எவ்வளவு காசு இருக்கு? இந்த மறுமொழிகள் இல்லாமல் கோடு கீறுகிறதில்லை.

ஆனால் கேட்கிறது வேறு, தலையாட்டுகிறது வேறு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அகதியாய் வந்தவன் "ஓம்" சொல்லிப் பழகினவன். குடிவரவு அதிகாரிக்கு ஓம், வீட்டுக்காரனுக்கு ஓம், தொழிற்சாலை மேஸ்திரிக்கு ஓம். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் "வி, மெசியூ". இல்லை எண்டு சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒருமுறை ஒரு முதலாளி ஓடைக்கரையில், மரநிழலில், பள்ளமான இடத்தைக் காட்டி, "இதில்தான் கடைசிக் கிறீன் வேணும், பார்க்க வடிவாய் இருக்கும்" என்றார். கிறீன் என்பது குழி இருக்கிற, ஒட்ட வெட்டின புல்தரை. தை மாதம் இடையில் சூடு வந்து பனி உருகி, பிறகு திரும்ப உறைகிறது உங்களுக்குத் தெரியும். பள்ளத்தில் அந்தத் தண்ணீர் தேங்கிப் பனிக்கட்டியாய் மூடிவிடும். கிழமைக்கணக்காய் மூடிக் கிடந்தால் அடியில் புல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். எனக்கு நாக்கு நுனிவரைக்கும் "ஓம்" வந்தது. விழுங்கிக்கொண்டு, "வேண்டாம் ஐயா, இளவேனிலில் இங்க புல் இராது" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போனார். மூன்று கிழமைக்குப் பிறகு கூப்பிட்டார். கிறீன் மேட்டில்தான் அமைந்தது. எல்லோரும் அப்படித் திரும்பி வருவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வராமல் போனவர்களும் உண்டு.

கனடாவின் பெரிய மைதானக் கலைஞர் ஸ்ரான்லி தொம்சன் (1893–1953). ரயில் கம்பனிக்காக 1925ல் ஜாஸ்பரில் ஒரு மைதானம் அமைத்தார். ஒன்பதாவது குழியில் மண்மேடுகளை ஒரு பெண் படுத்திருக்கிறது போலக் குறும்பாகச் செய்தாராம். கம்பனித் தலைவர் சேர் ஹென்றி தோர்ன்ரன் பார்த்துவிட்டு முகம் சுளிக்க, தொம்சன் அதை மாற்றினார் என்று கதை. அந்தக் குழிக்கு இன்றும் கிளியோபாற்றா என்றுதான் பெயர். ரசனையில் வாடிக்கையாளர் சொன்னால் விட்டுக்கொடுக்கலாம். தண்ணீர் ஓடுகிற வழியில் விட்டுக்கொடுக்க ஏலாது. ஊரில் கிணற்றால் இறைத்து வாய்க்காலில் தண்ணி கட்டின எங்களுக்கு இதை ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இங்கே கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள், துப்புரவு ஒப்பந்தம் எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள், இனித் தொடங்கப் போகிற பிள்ளையளும் இருக்கிறீர்கள். வாடிக்கையாளரின் மொழியில் அவருடைய தேவையைக் கேளுங்கோ. பிரெஞ்சு பிழைபிழையாய் வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கோ. விளங்காவிட்டால் விளங்கவில்லை எண்டு சொல்லுங்கோ. பேசினதை எழுத்தில் வையுங்கோ. சரிவராததைச் சரிவராது எண்டு மரியாதையாய்ச் சொல்லுங்கோ. பயத்தில் சொல்லுகிற "ஓம்" ஒருநாளும் நல்ல வேலையாகாது.

புது வருடத்தில் எல்லோருக்கும் கைவிசேடம் பெருகட்டும்.